வேகம், தூரம், நேரம்: வார்த்தைக் கணக்கைச் சமன்பாடாக மாற்றுவது எப்படி?

வேகக் கணக்கில் தடுமாறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் சூத்திரம் தெரியாமல் இல்லை. ‘தூரம் = வேகம் × நேரம்’ என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். கணக்கைப் படித்து முடித்துப் பேனாவை எடுத்த பிறகுதான், எந்த எண்ணை எங்கே போடுவது என்று தெரியாமல் கை நின்றுவிடுகிறது.

அந்தச் சூத்திரம் ஒரே ஒரு பயணத்தைப் பற்றியது என்பதுதான் காரணம். கணக்கில் வருவதோ பெரும்பாலும் இரண்டு பயணங்கள்: இரண்டு வண்டிகள், அல்லது ஒரே வண்டி போனதும் திரும்பி வந்ததும், அல்லது ஒரே ஆள் உண்மையில் போன வேகமும் ‘இன்னும் வேகமாகப் போயிருந்தால்’ என்ற கற்பனை வேகமும். இந்த இரண்டையும் கட்டிவைக்கிற ஒரு சமம் கதைக்குள் எங்கோ இருக்கும். இருவரும் போன தூரம் சமமாக இருக்கலாம். எடுத்துக்கொண்ட நேரம் சமமாக இருக்கலாம். இரண்டு தூரங்களையும் கூட்டினால் மொத்தத் தூரம் வரலாம். சமன்பாடு பிறப்பது அந்தச் சமத்திலிருந்துதான். சூத்திரம் அதன் இரண்டு பக்கங்களையும் நிரப்பக் கொடுக்கிறது, அவ்வளவே. எனவே கணக்கைப் பார்த்ததும் ‘எந்தச் சூத்திரம்?’ என்று கேட்காதீர்கள். ‘இந்தக் கதையில் எது எதற்குச் சமம்?’ என்று கேளுங்கள்.

இந்த வழிகாட்டியில் தூரத்துக்கு த, வேகத்துக்கு வ, நேரத்துக்கு ந என்று வைத்துக்கொள்வோம். த = வ × ந. இதிலிருந்தே வ = த ÷ ந, ந = த ÷ வ என்ற மற்ற இரண்டும் வந்துவிடும். மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

## தொடங்கும் முன் அலகைப் பாருங்கள்

வேகம் மணிக்கு இத்தனை கி.மீ. என்றால் நேரம் மணியில், தூரம் கி.மீ.யில் இருக்க வேண்டும். வேகம் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்றால் நேரம் வினாடியில், தூரம் மீட்டரில். கலந்து போட்டால் சமன்பாடு எவ்வளவு சரியாக இருந்தாலும் விடை தப்பாகத்தான் வரும்.

மணிக்குக் கி.மீ.யை வினாடிக்கு மீட்டராக மாற்ற 5/18 ஆல் பெருக்க வேண்டும். இது எங்கிருந்து வந்தது என்று ஒரு முறை பார்த்துவிட்டால் மறக்காது: 1 கி.மீ. என்பது 1000 மீட்டர், 1 மணி என்பது 3600 வினாடி, 1000/3600 = 5/18. மறுபக்கம் போக 18/5, அதாவது 3.6 ஆல் பெருக்குங்கள். மணிக்கு 72 கி.மீ. என்பது வினாடிக்கு 20 மீட்டர். 54 என்றால் 15. 36 என்றால் 10. இந்த மூன்றும் கணக்குகளில் திரும்பத் திரும்ப வரும்.

அடுத்தது நிமிடம். 20 நிமிடம் என்பது 20/60, அதாவது 1/3 மணி. 0.20 மணி அல்ல. அதேபோல் விடை 2.4 மணி என்று வந்தால் அது 2 மணி 24 நிமிடம், 2 மணி 40 நிமிடம் அல்ல. நிமிடத்தை எப்போதும் 60 ஆல் வகுத்துப் பின்னமாகவே எழுதுங்கள். தசமத்துக்கு மாற்றினால் 1/3 போன்றவை 0.333 என்று இழுத்துக்கொண்டே போகும். பின்னமாக விட்டால் அடுத்த வரியிலேயே சுருங்கிவிடும்.

## ஒரு கணக்கை மெதுவாகப் போடுவோம்

ஒரு லாரி காலை 8 மணிக்குக் கிளம்பி மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் போகிறது. அதே இடத்திலிருந்து, அதே சாலையில், ஒரு கார் 8.40க்குக் கிளம்பி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறது. கார் லாரியை எத்தனை மணிக்குப் பிடிக்கும்?

முதல் வாசிப்பில் எண்களைத் தொடாதீர்கள். என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். லாரி முன்னே போகிறது, கார் துரத்துகிறது. ஒரு கோடு போட்டு இரண்டு அம்புக்குறி வரைந்தால் போதும், படம் அழகாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்து, சமத்தை வார்த்தையிலேயே எழுதுங்கள். பிடிக்கும் கணத்தில் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இரண்டும் கிளம்பியதும் ஒரே இடம்தான். ஆகவே: லாரி போன தூரம் = கார் போன தூரம். இந்த ஒரு வரியை எழுதிவிட்டால் பாதிக் கணக்கு முடிந்த மாதிரி. இதை எழுதாமல் நேராகக் குறிகளுக்குத் தாவுவதால்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள்.

இப்போது தெரியாத ஒன்றுக்குப் பெயர் வையுங்கள். ‘ந = நேரம்’ என்று எழுதினால் போதாது. யாருடைய நேரம், எப்போதிலிருந்து? ‘ந = கார் கிளம்பியதிலிருந்து பிடிக்கும் வரை ஆன நேரம், மணியில்’ என்று முழுசாக எழுதுங்கள். லாரி 40 நிமிடம், அதாவது 2/3 மணி, கூடுதலாக ஓடியிருக்கிறது. முன்னால் கிளம்பியவருக்கு நேரம் அதிகம்; கூட்டுவதா கழிப்பதா என்று குழம்பும்போதெல்லாம் இதை நினைத்துப் பார்த்தால் தெளிந்துவிடும்.

| | வேகம் | நேரம் | தூரம் |
|---|---|---|---|
| லாரி | 45 | ந + 2/3 | 45(ந + 2/3) |
| கார் | 60 | ந | 60ந |

கட்டத்தில் முதல் இரண்டு பத்திகளைக் கதை நிரப்புகிறது. மூன்றாவதைச் சூத்திரம் நிரப்புகிறது. இனி வார்த்தையில் எழுதிய சமத்தில் இவற்றைப் போட வேண்டியதுதான்:

45(ந + 2/3) = 60ந
45ந + 30 = 60ந
30 = 15ந
ந = 2

இங்கே நிறுத்திவிடாதீர்கள். கேட்டது ‘எத்தனை மணிக்கு’. கார் 8.40க்குக் கிளம்பியது, 2 மணி நேரம் ஓடியது, ஆக விடை 10.40.

சரிபார்ப்போம். கார் 2 மணியில் 120 கி.மீ. போகும். லாரி 8 மணியிலிருந்து 10.40 வரை 2 மணி 40 நிமிடம், அதாவது 8/3 மணி ஓடியது; 45 × 8/3 = 120. பொருந்துகிறது.

இதே கணக்கில் 40 நிமிடத்தை 0.40 என்று போட்டால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். 45(ந + 0.4) = 60ந என்பதிலிருந்து 18 = 15ந, ந = 1.2 வரும். 1 மணி 12 நிமிடம், ஆக 9.52 என்று விடை எழுதிவிடலாம். பார்க்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் 9.52க்கு லாரி 112 நிமிடம் ஓடி 84 கி.மீ. போயிருக்கும், கார் 72 கி.மீ. தான் வந்திருக்கும். இன்னும் 12 கி.மீ. இடைவெளி இருக்கிறது. விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் இந்தத் தவறு தெரியாது, ஏனென்றால் சமன்பாட்டிலேயே தவறு இருக்கிறது. விடையைக் கதையில் போட்டுப் பார்க்க வேண்டும்.

ந என்பதை லாரியின் நேரமாக வைத்திருந்தால்? 45ந = 60(ந − 2/3), அதிலிருந்து ந = 8/3. 8 மணியோடு 2 மணி 40 நிமிடத்தைக் கூட்டினால் அதே 10.40. எதற்குப் பெயர் வைத்தாலும் பரவாயில்லை. வைத்த பெயரைக் கடைசிவரை மாற்றாமல் இருந்தால் சரி.

## எதிரெதிரே வரும்போது

இரண்டு ஊர்களுக்கு இடையே 350 கி.மீ. ஒரு வண்டி 8 மணிக்கு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது. இன்னொன்று எதிர்முனையிலிருந்து 9 மணிக்கு, மணிக்கு 85 கி.மீ. வேகத்தில் இதை நோக்கி வருகிறது. எப்போது சந்திக்கும்?

இங்கே தூரங்கள் சமமில்லை. சந்திக்கும்போது இரண்டும் சேர்ந்து முழுச் சாலையையும் கடந்து முடித்திருக்கும். அதுதான் சமம்: முதல் வண்டியின் தூரம் + இரண்டாவது வண்டியின் தூரம் = 350. முதல் வண்டி ஓடிய நேரம் ந என்றால், ஒரு மணி தாமதமாகக் கிளம்பியதற்கு ந − 1.

60ந + 85(ந − 1) = 350
145ந = 435
ந = 3

11 மணிக்குச் சந்திக்கும். முதலாவது 180, இரண்டாவது 170, கூட்டினால் 350.

இதற்குக் குறுக்கு வழியும் உண்டு: எதிரெதிரே என்றால் வேகங்களைக் கூட்டி, ஒரே திசை என்றால் கழித்து, இடைவெளியை அதனால் வகுப்பது. நல்ல வழிதான். ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்துக்கு மட்டுமே அது பொருந்தும். மேலே உள்ள கணக்கில் 350 ÷ 145 என்று போட்டால் தப்பு. முதல் ஒரு மணி நேரம் ஒரு வண்டி மட்டும்தான் ஓடுகிறது. அது 60 கி.மீ. போய்விட்டது. 9 மணிக்கு இடைவெளி 290. இப்போது 290 ÷ 145 = 2. அதாவது 9லிருந்து 2 மணி நேரம், 11 மணி. துரத்தல் கணக்கும் இப்படியே: 8.40க்கு லாரி 30 கி.மீ. முன்னால் இருக்கிறது, வேக வித்தியாசம் 15, ஆகவே 2 மணி.

‘இடைவெளி எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது’ என்று பார்க்கப் பழகியவர்களுக்குச் சில பயமுறுத்தும் கணக்குகள் ஒரே வரியில் முடியும். 9 மணிக்கு முதல் வண்டியிலிருந்து ஒரு பறவை மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கிளம்பி, இரண்டாவது வண்டியைத் தொட்டுத் திரும்பி, முதல் வண்டியைத் தொட்டு மறுபடியும் திரும்பி, இரண்டும் சந்திக்கும் வரை பறந்துகொண்டே இருந்தால் மொத்தம் எவ்வளவு தூரம் பறந்திருக்கும்? ஒவ்வொரு திருப்பத்தையும் கணக்கிட ஆரம்பித்தால் முடிவே இல்லை. ஆனால் பறவை பறந்த நேரமும் வண்டிகள் சந்திக்க எடுத்த நேரமும் ஒன்றுதான், 2 மணி. ஆகவே 200 கி.மீ.

## நேரமே இல்லாத ஒரு துரத்தல்

இரண்டாயிரம் ஆண்டு அளவில் பழமையான சீன நூலான ‘கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்க’ளில் ஒரு முயல் கணக்கு இருக்கிறது. முயல் 100 அடிவைப்பு முன்னால் ஓடுகிறது. நாய் 250 அடிவைப்பு துரத்திவிட்டு, முயலுக்கு இன்னும் 30 அடிவைப்பு பின்னால் இருக்கும்போது நின்றுவிடுகிறது. நிற்காமல் ஓடியிருந்தால் இன்னும் எத்தனை அடிவைப்பில் பிடித்திருக்கும்?

வேகம் தரவில்லை, நேரமும் தரவில்லை. ஆனாலும் போடலாம். இடைவெளி 100லிருந்து 30 ஆனது. 250 அடிவைப்பு ஓடி 70ஐ நாய் குறைத்திருக்கிறது. மீதி 30ஐக் குறைக்க எவ்வளவு ஓட வேண்டும்? இருவரும் அதே வேகத்தில் ஓடும்வரை, ஓடிய தூரமும் குறைத்த இடைவெளியும் ஒரே விகிதத்தில் இருக்கும். த/30 = 250/70, ஆகவே த = 750/7, அதாவது 107 1/7. நூல் தரும் விடையும் அதுவே. சூத்திரத்தில் எண்ணைப் போடுவதை மட்டும் பழகியவருக்கு இந்தக் கணக்கில் கைவைக்க இடமே கிடைக்காது. சமத்தைத் தேடப் பழகியவருக்கு மூன்று வரி.

## சராசரி வேகம்: அதிகம் பேர் விழும் இடம்

போகும்போது மணிக்கு 40 கி.மீ., வரும்போது 60. சராசரி வேகம் 50 தானே? இல்லை, 48.

சராசரி வேகம் என்பது மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தது. வேகங்களின் சராசரி அல்ல. தூரம் 120 கி.மீ. என்று வைத்துப் பாருங்கள். போக 3 மணி, வர 2 மணி. மொத்தம் 240 கி.மீ., 5 மணி, ஆகவே 48. மெதுவான வேகத்தில் அதிக நேரம் செலவழிகிறது, அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. தூரம் தரவில்லை என்று கவலைப்பட வேண்டாம்; த என்று வைத்தால் அதுவே அடிபட்டுப் போகும்:

2த ÷ (த/40 + த/60) = 2த ÷ (5த/120) = 48

பாதி *நேரம்* 40இலும் பாதி நேரம் 60இலும் போயிருந்தால் சராசரி 50 தான். பாதித் தூரமா, பாதி நேரமா என்று கணக்கு சொல்வதைக் கவனித்துப் படியுங்கள்.

இதன் எல்லை எங்கே போய் முட்டுகிறது என்று பார்க்க ஒரு கணக்கு. 60 கி.மீ. வழியில் முதல் 30 கி.மீ.யை மணிக்கு 30 வேகத்தில் கடந்தாயிற்று. முழுப் பயணத்தின் சராசரி 60 ஆக வேண்டுமானால் மீதியை எந்த வேகத்தில் போக வேண்டும்? பலர் உடனே 90 என்பார்கள். கட்டம் போடுங்கள். சராசரி 60 என்றால் 60 கி.மீ.க்கு மொத்தம் 1 மணி. முதல் பாதிக்கே 1 மணி ஆகிவிட்டது. மீதிக்கு நேரமே இல்லை. சமன்பாடும் அதையே சொல்லும்: 1 + 30/வ = 1, ஆகவே 30/வ = 0. இதற்கு விடை கிடையாது. உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் இதேபோன்ற ஒரு கணக்கை, மலை ஏறி இறங்கும் பழைய காராக வைத்து, ஐன்ஸ்டீனுக்கு அனுப்பியிருக்கிறார். ‘விடை இல்லை’ என்பதும் ஒரு விடைதான். சமன்பாடு அதைச் சொல்லும்போது நம்ப வேண்டும்.

ஒரே பயணத்தில் இரண்டு வேகம் வரும் கணக்குகள் இதற்கு உறவு. 260 கி.மீ.யை 5 மணியில் கடந்த ஒருவர், சிறிது நேரம் மணிக்கு 40இலும் மீதி நேரம் 60இலும் போனார்; 40இல் எவ்வளவு நேரம்? அது ந என்றால் மீதி 5 − ந. 40ந + 60(5 − ந) = 260, ந = 2. மொத்தம் தெரிந்திருக்கும்போது இரண்டாவது பகுதியை ‘மொத்தம் − முதல் பகுதி’ என்று எழுதினால் இன்னொரு மாறி தேவைப்படாது.

## தாமதமும் முன்னதாகவும்

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனால் 10 நிமிடம் தாமதம். 50 வேகத்தில் போனால் 5 நிமிடம் முன்னதாகச் சேரலாம். தூரம் எவ்வளவு?

ஒரே வழி, இரண்டு கற்பனைப் பயணங்கள். தூரம் சமம் என்பதை இரண்டுக்கும் ஒரே த போட்டு ஏற்கெனவே பயன்படுத்திவிட்டோம். எனவே சமன்பாடு நேரத்திலிருந்து வர வேண்டும். 10 நிமிடம் பிந்துவதற்கும் 5 நிமிடம் முந்துவதற்கும் இடையே 15 நிமிடம். மெதுவாகப் போன நேரம் − வேகமாகப் போன நேரம் = 1/4 மணி.

த/40 − த/50 = 1/4
த/200 = 1/4
த = 50

எதிலிருந்து எதைக் கழிப்பது என்பதில்தான் இங்கே தவறு நடக்கும். மெதுவாகப் போனால் நேரம் அதிகம். பெரியதை முதலில் எழுதுங்கள். இரண்டுமே தாமதம் என்றால் (20 நிமிடமும் 5 நிமிடமும் தாமதம் என்பதுபோல்) வித்தியாசத்தைக் கழித்து எடுக்க வேண்டும். ஒன்று தாமதம், ஒன்று முன்னதாக என்றால் கூட்டி எடுக்க வேண்டும். சேர வேண்டிய நேரத்தை ஒரு கோட்டில் புள்ளியாகக் குறித்துப் பார்த்தால் இது தானாகத் தெரியும்.

இதே குடும்பத்தில் வேகம் தெரியாமல் இருந்தால் இருபடிச் சமன்பாடு வரும். 300 கி.மீ. பயணத்தில் வேகம் மணிக்கு 10 கி.மீ. கூடியிருந்தால் 1 மணி முன்னதாகச் சேர்ந்திருக்கலாம். உண்மை வேகம் என்ன?

300/வ − 300/(வ + 10) = 1

இரு பக்கத்தையும் வ(வ + 10) ஆல் பெருக்கினால் 300(வ + 10) − 300வ = வ(வ + 10). இடப்பக்கம் 3000 மட்டும் மிஞ்சும். வ² + 10வ − 3000 = 0, அதாவது (வ + 60)(வ − 50) = 0. வ = 50. வேகம் −60 ஆக முடியாது என்பதால் அதை விட்டுவிடுகிறோம். விட்டதற்கான காரணத்தையும் ஒரு வரி எழுதுங்கள். 50இல் 6 மணி, 60இல் 5 மணி, வித்தியாசம் 1. சரி.

தெரியாதது பின்னத்தின் கீழே, பகுதியில், வருகிறதே என்று பயப்பட வேண்டாம். வேகம் தெரியாது, நேரங்கள் ஒப்பிடப்படுகின்றன என்றால் இப்படித்தான் வரும்.

## படகும் நீரோட்டமும்

அசையாத நீரில் படகின் வேகம் ப, நீரோட்டத்தின் வேகம் ஓ. ஓட்டத்தோடு போனால் ப + ஓ, எதிர்த்துப் போனால் ப − ஓ. மற்றதெல்லாம் பழைய கணக்குதான். காற்றோடும் காற்றை எதிர்த்தும் பறக்கும் விமானத்துக்கும், நகரும் படிக்கட்டில் நடப்பவருக்கும் இதுவே.

அசையாத நீரில் மணிக்கு 10 கி.மீ. போகும் படகு, 48 கி.மீ. எதிர்த்துப் போய் அதே தூரம் திரும்பி வர 10 மணி ஆகிறது. நீரோட்டத்தின் வேகம்? சமம்: போன நேரம் + வந்த நேரம் = 10.

48/(10 − ஓ) + 48/(10 + ஓ) = 10

பகுதியை ஒன்றாக்கினால் தொகுதியில் ஓ அடிபட்டு 960/(100 − ஓ²) = 10. ஆகவே 100 − ஓ² = 96, ஓ = 2. எதிர்த்துப் போக 6 மணி, திரும்ப 4 மணி.

நீரோட்டமே இல்லாவிட்டால் 96 கி.மீ.க்கு 9.6 மணிதான் ஆகியிருக்கும். போகும்போது தடுத்ததை வரும்போது ஓட்டம் ஈடுகட்டிவிடும் என்று தோன்றும், ஆனால் ஈடாவதில்லை. தடுக்கும் பக்கத்தில் அதிக நேரம் இருக்கிறோம். சராசரி வேகத்தில் பார்த்த அதே விஷயம்.

## நீளமுள்ள ரயில்

காரையும் படகையும் புள்ளியாக நினைத்துக்கொண்டோம். ரயிலை அப்படி நினைக்க முடியாது. ஒரு கம்பத்தைக் கடக்க, ரயில் தன் நீளத்தைப் போக வேண்டும். நடைமேடையைக் கடக்க, தன் நீளத்தையும் நடைமேடை நீளத்தையும் சேர்த்துப் போக வேண்டும். முன்பக்கம் நுழைந்ததிலிருந்து பின்பக்கம் வெளியேறும் வரை என்று படம் வரைந்தால் தெரியும்.

ஒரு ரயில் கம்பத்தை 9 வினாடியிலும் 240 மீட்டர் நடைமேடையை 21 வினாடியிலும் கடக்கிறது. வேகமும் நீளமும் என்ன? ரயிலின் நீளம் 9வ. அப்படியானால் 9வ + 240 = 21வ. வ = 20, நீளம் 180 மீட்டர், வேகம் மணிக்கு 72 கி.மீ. இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று கடந்தால் நீளங்களைக் கூட்டுங்கள். வேகங்களைத் திசையைப் பார்த்துக் கூட்டவோ கழிக்கவோ செய்யுங்கள்.

வட்டப் பாதைக்கு ஒரே ஒரு விஷயம் போதும்: ஒரே திசையில் ஓடினால், வேகமானவர் ஒரு முழுச் சுற்று கூடுதலாக ஓடும்போது மறுபடி சந்திப்பார்கள். 400 மீட்டர் பாதையில் வினாடிக்கு 5 மீட்டரும் 3 மீட்டரும் என்றால் 400 ÷ 2 = 200 வினாடி. கடிகார முள் கணக்கும் இதே துரத்தல்தான். பெரிய முள் நிமிடத்துக்கு 6 பாகை, சின்ன முள் அரைப் பாகை. 3 மணிக்கு இடைவெளி 90 பாகை. 90 ÷ 5.5 = 16 4/11 நிமிடத்தில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வரும்.

## விடை குறையெண்ணாக வந்தால்

வேகம் குறையெண்ணாக வந்தால் தள்ளிவிடலாம் என்று பார்த்தோம். நேரம் குறையெண்ணாக வந்தால் அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள், முதலில் கதையைப் பாருங்கள். கார் மணிக்கு 60இல் போகிறது, 30 கி.மீ. பின்னால் லாரி 45இல் வருகிறது. இரண்டும் எப்போது ஒரே இடத்தில் இருக்கும்? 30 + 60ந = 45ந, ந = −2. லாரி இனிமேல் பிடிக்கப்போவதில்லை. ஆனால் இரண்டும் இதே வேகத்தில் வந்துகொண்டிருந்தால், 2 மணி நேரத்துக்கு முன்னால் ஒரே இடத்தில் இருந்தன. சமன்பாடு அதையும் சேர்த்துச் சொல்கிறது.

ஆர்யபட்டர் கி.பி. 499 அளவில் எழுதிய ஆர்யபடீயத்தின் கணிதப் பகுதியில் இதற்கு ஒரு சுலோகம் உண்டு. எதிர்த்திசையில் போகும் இரண்டின் இடைவெளியை வேகங்களின் கூட்டலாலும், ஒரே திசையில் போவனவற்றின் இடைவெளியை வேகங்களின் வித்தியாசத்தாலும் வகுக்கச் சொல்கிறது. கிடைப்பது சந்தித்து முடிந்த நேரமாகவும் இருக்கலாம், சந்திக்கப்போகும் நேரமாகவும் இருக்கலாம் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. கோள்களின் சேர்க்கையைக் கணக்கிடுகிறவர்களுக்கு இரண்டுமே தேவைப்பட்டன.

## நீங்களே போட்டுப் பாருங்கள்

நடந்து போகிறவர் மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் போனால் 5 நிமிடம் தாமதம், 5 கி.மீ. வேகத்தில் போனால் 10 நிமிடம் முன்னதாக. தூரம்? (5 கி.மீ.)

ஒரே இடத்திலிருந்து ஒரே நேரத்தில் ஒரு சைக்கிள் வடக்கே மணிக்கு 15 கி.மீ. வேகத்திலும், இன்னொன்று கிழக்கே 20 கி.மீ. வேகத்திலும் கிளம்புகின்றன. எப்போது 50 கி.மீ. இடைவெளி இருக்கும்? பிதாகரஸ் தேற்றம் உதவும். (2 மணி கழித்து)

150 மீட்டர் ரயில் மணிக்கு 54 கி.மீ., 210 மீட்டர் ரயில் மணிக்கு 36 கி.மீ. எதிரெதிரே வந்தால் கடக்க எவ்வளவு நேரம், ஒரே திசையில் போனால் எவ்வளவு? (14.4 வினாடி, 72 வினாடி)

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. இரண்டு ஊர்களிலிருந்து இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் எதிரெதிரே கிளம்புகின்றன. வழியில் சந்தித்த பிறகு, போய்ச்சேர முதல் வண்டிக்கு இன்னும் 4 மணியும் இரண்டாவது வண்டிக்கு இன்னும் 9 மணியும் ஆகின்றன. வேகங்களின் விகிதம் என்ன? வேகமும் இல்லை, தூரமும் இல்லை. கீழே படிப்பதற்கு முன் கொஞ்ச நேரம் முயன்று பாருங்கள்.

வேகங்கள் அ, இ; சந்திக்க ஆன நேரம் ந. முதல் வண்டி சந்திப்புக்குப் பிறகு கடக்கும் பகுதி, இரண்டாவது வண்டி சந்திப்புக்கு முன் கடந்த அதே பகுதி. எனவே 4அ = ந × இ. அதேபோல் மறுபக்கம் 9இ = ந × அ. இரண்டையும் பெருக்கினால் 36 × அ × இ = ந² × அ × இ, ஆகவே ந = 6. முதல் சமன்பாட்டில் போட்டால் 4அ = 6இ, அதாவது வேகங்கள் 3 : 2. தூரம் எதுவாக இருந்தாலும் இந்த விகிதம் மாறாது. 600 கி.மீ. எடுத்து 60, 40 என்ற வேகங்களில் ஓட்டிப் பாருங்கள்: 6 மணியில் 360ம் 240ம் கடந்து சந்திக்கும்; முதலாவதுக்கு மீதி 240 ÷ 60 = 4, இரண்டாவதுக்கு மீதி 360 ÷ 40 = 9.